பத்தாவது துணி

பிப்ரவரி 28

அன்றைக்கு வயலில் இருந்தவர்கள்: நான். உன் மாமா. உன் அத்தை, கையில் டீத்தூக்கோடு. கொடி பிடிக்கும் ஆள், நாம் கொக்கு என்று கூப்பிடுகிறவன். தண்ணீர் டேங்க்கோடு டிராக்டர் டிரைவர். அத்தையின் அண்ணன், அந்தக் கரண்டுக்காரன். ஆக ஆறு பேர். ஆகாயத்தில் நீ. நாயையும் சேர்த்தால் எட்டு.

தும்பி, சௌக்கியமா என்பதைக் கடைசியில் கேட்கிறேன். அன்றைய காலை சுத்தமாக ஞாபகம் இல்லை, பார்த்ததையெல்லாம் எழுதி அனுப்பு என்று நீ சொல்லி அனுப்பியதால் முதலில் ஆட்களை எண்ணி வைத்தேன். தலையில் அடிபட்டவள் போனைத் தொடக்கூடாது என்று டாக்டர் சொன்னதும் நல்லதற்குத்தான். போனில் நீ சொல்வது என் காதுக்குள் போய்ச் சேர்வதற்குள் வைத்துவிடுகிறாய். மூன்றாம் வகுப்பு எழுத்து, பொறுத்துக்கொள்.

செவ்வாய்க்கிழமை. ஆறே முக்காலுக்கு எழுந்து ஓடினாய். பாதி டீதான் குடித்தாய். "மிச்சத்த வந்து குடிக்கிறேன் பாட்டி, கொட்டிடாதே" என்றாய். அந்த டம்ளரை மூன்று நாள் யாரையும் தொட விடவில்லை.

ஏழு பத்துக்கு உன் மஞ்சள் பிளேன் வந்தது. தெற்கிலிருந்து வடக்கே, வடக்கிலிருந்து தெற்கே என்று ஆறு தடவை மருந்து அடித்தாய். ஒவ்வொரு தடவைக்கும் கொக்கு பதினைந்து காலடி மேற்கே தள்ளி நின்று கொடியை ஆட்டினான். ஏழாவது தடவை தாழ இறங்கும்போது உன் சக்கரம் புது மோட்டார் கொட்டகைக் கம்பியில் மாட்டியது. ஒரு பெரிய கையால் யாரோ பின்னால் பிடித்து இழுத்தது போல இருந்தது. மூக்கு குத்தி, வயல் சேற்றில் நீளத்துக்கு உழுதுகொண்டு போய், ஒரு இறக்கை முறிந்து சாய்ந்து நின்றாய். சேறு மட்டும் இல்லை என்றால் நான் இந்தக் கடிதம் எழுத வேண்டியிருக்காது. தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று.

கொக்கு கொடியோடு எதிர்த்திசையில் ஓடினான். அதை மறக்க மாட்டேன். உன் மாமா நின்ற இடத்தில் உட்கார்ந்துவிட்டான். அறுந்த கம்பி இறக்கை மேல் கிடந்து பொறி கக்கியது, எண்ணெய் வேறு ஒழுகியது. கரண்டுக்காரன்தான் டிரான்ஸ்பார்மருக்கு ஓடிக் கரண்டை நிறுத்தினான். திரும்பி ஓடி வந்து கட்டிங் பிளேயரால் உன் பெல்ட்டை அறுத்து வெளியே எடுத்தான். உன் மேலெல்லாம் மருந்து. டிரைவர் டேங்க்கைத் திறந்து கால் மணி நேரம் உன்னைக் கழுவினார். நீ கண்ணைத் திறந்து, "டீ ஆறிடுச்சா?" என்று கேட்டாய். பிறகுதான் எனக்கு அழுகை வந்தது.

இப்போது கேட்கிறேன். தோள் எலும்பு கூடிவிட்டதா? கணுக்காலை ஊன்ற முடிகிறதா? உன் அம்மா உன்னைத் திட்டாமல் பார்த்துக்கொள்கிறாளா?

பாட்டி

—

மார்ச் 7

அன்புள்ள பாட்டிக்கு,

உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? இங்கே எனக்கு அம்மா தலை வாரிவிடுகிறாள், சோறு பிசைந்து தருகிறாள். இருபத்தெட்டு வயதில் திரும்பவும் எட்டு வயது. காலில் இன்னும் கட்டு இருக்கிறது. தோள் பரவாயில்லை.

உன் கடிதத்தை நான்கு தடவை படித்தேன். எனக்குப் பாதி டீ வரைக்கும்தான் ஞாபகம். அதற்குப் பின் ஆஸ்பத்திரிக் கூரை. நடுவில் உள்ளதை நீதான் எனக்குத் திருப்பிக் கொடுத்திருக்கிறாய். கரண்டுக்கார மாமாவுக்கும் டிரைவர் அண்ணனுக்கும் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. கொக்கைத் திட்டாதே. எதிர்த்திசையில் ஓடியவர் திரும்பி வந்து ஆம்புலன்சில் என் கூடவே உட்கார்ந்து வந்தாராம், அம்மா சொன்னாள்.

விசாரணை அதிகாரிகள் இரண்டு பேர் வந்தார்கள். அவர்கள் கேட்டது ஒரே கேள்வி: அந்தப் புதுக் கம்பியில் வெள்ளைத் துணி கட்டியிருந்ததா?

உனக்கே தெரியும். மேலேயிருந்து பார்த்தால் கம்பி கண்ணுக்குத் தெரியாது, துணிதான் தெரியும். அதனால்தான் மருந்து அடிப்பதற்கு முந்தின நாள், வயலைத் தாண்டுகிற ஒவ்வொரு கம்பியிலும் நிலத்துக்காரர் துணி கட்ட வேண்டும் என்று விதி. துணி இருந்தும் மோதினேன் என்றால் தப்பு என்னுடையது. லைசென்ஸ் போய்விடும். அறுந்த கம்பியை மின்சார ஆட்கள் அன்றைக்கே சுருட்டி எடுத்துப் போய்விட்டார்களாம். பார்த்துச் சொல்ல ஒன்றும் மிச்சமில்லை. மாமா எழுதிக் கொடுத்திருக்கிறார்: "எல்லாக் கம்பியிலும் என் அம்மா துணி கட்டினார். அவர் ஒன்றையும் விடுகிறவர் அல்ல."

நீ நாயைக் கூட எண்ணி எழுதியிருக்கிறாய் பாட்டி. துணியைப் பற்றி ஒரு வரி இல்லை. எழுத மறந்துவிட்டாயா?

உன் தும்பி

—

மார்ச் 24

தும்பிக்கு,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. உன் அத்தைக்கு இருமல், எனக்கு வேலை.

உடைந்த பிளேனைப் பார்க்க ஒரு மாதமாகக் கூட்டம். வரப்பெல்லாம் மிதித்துச் சட்டினி ஆக்கிவிட்டார்கள். பக்கத்து வயல்காரரின் மருமகள் உன் முறிந்த இறக்கையில் சாய்ந்து போட்டோ எடுத்துக்கொண்டாள், பல்லெல்லாம் தெரிய. "உங்க பேத்தி பொழைச்சுக்கிட்டாளாமே" என்றாள். அந்த 'ளாமே'வை நான் மறக்க மாட்டேன். உன் கம்பெனி ஆட்கள் வெள்ளிக்கிழமை வந்து லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். மஞ்சள் தகரம் ஒரு துண்டு சேற்றில் கிடந்தது. கழுவி வைத்திருக்கிறேன்.

நீ உயிரோடு இருக்கிறாய். இதை நான் ஒரு நாளைக்கு எத்தனை தடவை சொல்லிக்கொள்கிறேன் தெரியுமா? வாசல் பெருக்கும்போது ஒரு தடவை, தண்ணீர் பிடிக்கும்போது ஒரு தடவை. பக்கத்தில் நிற்கிறவர்கள் ஏதோ மந்திரம் என்று நினைக்கிறார்கள்.

துணி விஷயம் உன் மாமா எழுதிக் கொடுத்துவிட்டான் அல்லவா. கால் கட்டை எப்போது பிரிக்கிறார்கள்? மாத்திரையை வெறும் வயிற்றில் விழுங்காதே.

பாட்டி

—

மார்ச் 30

அன்புள்ள பாட்டிக்கு,

அத்தையின் இருமல் குறைந்ததா? எனக்குக் கட்டுப் பிரித்துவிட்டார்கள். கால் குச்சி போல இருக்கிறது. நீ பார்த்தால் கொக்கோடு ஒப்பிடுவாய்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறாய். இனி நான் கேட்கப் போவதில்லை. ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன்.

எனக்கு லைசென்ஸ் போவது பெரிதில்லை. கம்பெனியில் ஆபீஸ் வேலை தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் கண்ணை மூடினால் ஒரு வெள்ளைத் துணி ஆடுகிறது. உண்மையில் பார்த்தேனா, இல்லை பயத்தில் நானே வரைந்துகொள்கிறேனா என்று தெரியவில்லை. எதிரே ஆடிய துணியைப் பார்க்காத கண் என்றால், அந்தக் கண்ணை நம்பி நான் இனி ஏறக்கூடாது. அவர்கள் லைசென்ஸைக் கொடுத்தாலும் ஏற மாட்டேன். நாளைக்குக் கொடி பிடிக்கிற ஒரு ஆள் மேல் விழுந்தால் என்ன செய்வேன்?

கவனம் இல்லாதவளா நான்? அதைச் சொல்ல உலகத்தில் நீ ஒருத்திதான் இருக்கிறாய்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

தும்பி

—

ஏப்ரல் 3

என் தும்பிக்கு,

உன் கடிதம் இப்போதுதான் வந்தது. தபால்காரரை வாசலிலேயே நிறுத்தி வைத்துவிட்டு எழுதுகிறேன். அவர் தண்ணீர் குடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

அந்தக் கம்பியில் துணி இல்லை. உன் கண்ணில் குறை இல்லை. நன்றாகப் படித்துக்கொள், இன்னொரு தடவையும் எழுதுகிறேன். துணி இல்லை.

பழைய படுக்கை விரிப்பைக் கிழித்துப் பத்துத் துண்டு எடுத்துக்கொண்டு போனேன். ஒன்பதைக் கட்டினேன். பத்தாவதை மடித்து வீட்டுக்குக் கொண்டு வந்துவிட்டேன். மறந்து அல்ல. கால் வலியாலும் அல்ல.

புது மோட்டார் கொட்டகைக்குக் கம்பி இழுத்தவன் கரண்டுக்காரன். அவன் கை பட்ட எதன் பக்கமும் நான் போவதில்லை, பதினொரு வருஷமாக. வீட்டில் அவன் மாட்டிய மின்விசிறிக்கு அடியில் கூட நான் உட்காருவதில்லை, நீ கவனித்ததில்லையா? உனக்குப் பதினேழு வயது. பிளேன் ஓட்டப் படிக்கப் போகிறேன் என்று எல்லோர் முன்னாலும் சொன்னாய். அவன் சாப்பிட்டுக்கொண்டே, "இவ பிளேன் ஓட்டினா எங்க வீட்டு எருமை பஸ் ஓட்டும்" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நீ தட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தாய். உன் காது சிவந்தது. அந்தச் சிவப்பை நான் மறக்கவில்லை.

அன்றைக்கு வரப்பில் நின்று, 'அவன் போட்ட கம்பிக்கு அவனே கட்டட்டும்' என்று நினைத்தேன். நினைத்தேனே தவிர யாரிடமும் சொல்லவில்லை. உன் மாமாவிடம், "எல்லாம் கட்டியாச்சு" என்றேன். அவன் அதை நம்பித்தான் எழுதிக் கொடுத்தான்.

உன்னைக் கேலி செய்தவன் மேல் உள்ள கோபத்தில் உன்னையே கம்பியில் விட்டேன். அந்தக் கேலி செய்தவன்தான் பொறி பறக்கிற இடத்துக்குள் கையை விட்டு உன்னை எடுத்தான். இதை எந்தப் பக்கம் திருப்பி வைத்துப் பார்த்தாலும் எனக்கு நியாயம் கிடைக்கவில்லை.

தபால்காரர் எழுந்துவிட்டார். சாப்பிடு.

பாட்டி

—

ஏப்ரல் 21

பாட்டிக்கு,

பதில் வராமல் நீ வாசலையே பார்த்துக்கொண்டிருப்பாய் என்று தெரிந்தேதான் எழுதவில்லை. முதல் வாரம் உன் மேல் அவ்வளவு கோபம். உன் கடிதத்தை அலமாரி மேல் வைத்து, அதன் மேல் அம்மாவின் இரும்புப் பெட்டியையும் வைத்தேன். இரண்டாவது வாரம் ஒரு மத்தியானம் எனக்கு அந்த எருமை ஞாபகம் வந்தது. பஸ் ஓட்டுகிற எருமை. தனியாக உட்கார்ந்து சிரித்தேன். அம்மா டாக்டரைக் கூப்பிடலாமா என்று பார்த்தாள்.

பாட்டி, அதை நான் என்றைக்கோ மறந்துவிட்டேன். எனக்கு லைசென்ஸ் கிடைத்த அன்றைக்குக் கரண்டுக்கார மாமா வந்து, "எருமை தோத்துடுச்சும்மா" என்று சொல்லி ஒரு டார்ச் லைட் கொடுத்தார். நீ அப்போது பின்கட்டில் இருந்தாய். நான் இறக்கி வைத்ததை நீ எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு இத்தனை வருஷம் நடந்திருக்கிறாய்.

இப்போது கண்ணை மூடினால் துணி ஆடவில்லை. தூக்கம் வருகிறது. அதற்காக உன்னைக் கையெடுத்துக் கும்பிடுகிறேன்.

மே 6ஆம் தேதி அதிகாரிகள் கடைசியாக வயலுக்கு வருகிறார்கள். உன் கடிதத்தை நானாக அவர்களிடம் கொடுக்க மாட்டேன். சொல்வதா வேண்டாமா என்பது உன் விருப்பம்.

முழங்காலுக்கு எண்ணெய் தேய்.

தும்பி

—

ஏப்ரல் 27

தும்பிக்கு,

விருப்பமாம் விருப்பம். சொல்லாமல் இருப்பேனா?

முதலில் சொல்ல வேண்டிய ஆளிடம் சொன்னேன். நேற்றுக் கரண்டுக்காரன் வீட்டுக்கு நடந்தே போனேன். அவன் பழைய மோட்டாரைப் பிரித்துப் போட்டுக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தான். என்னைப் பார்த்ததும் கையில் இருந்த திருப்புளியைக் கீழே போட்டான்.

"யாருக்கு என்ன ஆச்சு?" என்றான்.

"ஒண்ணும் ஆகல. நல்லவேளை, நீ இருந்தே" என்றேன். பிறகு துணிக் கதையை முழுதாகச் சொன்னேன்.

கேட்டுவிட்டுத் தலையைச் சொறிந்தான். "நானும் பார்த்தேன், துணி இல்லேன்னு. காலையில வந்து கட்டுவீங்கன்னு நெனச்சேன். கேட்டிருக்கலாம். உங்ககிட்ட பேசப் பயம்."

"நான் என்ன புலியா?"

"புலின்னா கூண்டு இருக்குமே, அத்தை" என்றான். அத்தை என்று கூப்பிட்டுவிட்டு நான் என்ன சொல்வேனோ என்று ஒரு கண்ணைச் சுருக்கிக்கொண்டான்.

அவன் மின்விசிறியைப் போட்டான். அதற்கு அடியிலேயே உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். நல்ல காற்று.

கணுக்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கிறாளா உன் அம்மா?

பாட்டி

—

மே 8

தும்பிக்கு,

நான் நலம். நீ நலமாக இருக்கப் போகிறாய், அதற்கான காரணத்தை எழுதுகிறேன்.

அதிகாரிகள் இரண்டு பேர் வந்தார்கள், ஒருவர் பெரியவர், ஒருவர் இளையவர். மோட்டார் கொட்டகை நிழலில் நாற்காலி போட்டோம். நான் எழுந்து, பத்துத் துணி கொண்டு போனது, ஒன்பது கட்டியது, பத்தாவதைக் கட்டாததற்குக் காரணம், எல்லாவற்றையும் சொன்னேன். மடித்து வைத்திருந்த அந்தத் துண்டையும் காட்டினேன்.

அப்போது அங்கே இருந்த ஒரு ஆளின் குரல் குறுக்கே வந்து, "சார், அவங்களுக்கு எழுபத்தாறு வயசு. கொஞ்ச நாளா ஞாபகம் தப்பிப்போச்சு. பேத்தி மேல இருக்கிற பாசத்துல ஏதோ சொல்றாங்க. எழுதிக்காதீங்க" என்றது.

இளையவர் பேனாவை மூடிவிட்டார். என் தப்பை என் வாயால் சொல்லியும் எடுபடாமல், பழி திரும்பவும் உன் தலைக்குப் போகிறதே என்று பார்த்தேன்.

"தம்பி, அந்தப் பேனாவைத் திற" என்றேன். "அது உன்னுதா? பிப்ரவரி இருபது, புதன்கிழமை, மத்தியானம் இதே இடத்துல நின்னே. உன் பேனா எழுதல. ரெண்டு தடவ உதறினே, பெரியவர் சட்டையில மை தெறிச்சுது, எடது கை மடிப்புல. டிராக்டர் டிரைவர்கிட்ட பேனா வாங்கினே. பச்சை மூடி. திருப்பிக் குடுக்கல. மூடியில பல் தடம் இருக்கும், அவர் கடிக்கிற பழக்கம்."

இளையவர் மூடியைப் பார்த்தார். பெரியவர் தன் சட்டைக் கையைப் பார்த்தார். அன்றைக்கும் அதே சட்டைதான் போட்டிருந்தார், மை போகவில்லை. டிரைவர் பின்னால் நின்று, "அதை நான் வீடெல்லாம் தேடினேங்க" என்றார்.

பெரியவர் சிரித்து முடிக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. பிறகு, "அம்மா, முதல்லேருந்து சொல்லுங்க" என்றார். கரண்டுக்காரனும் எழுந்து, துணி இல்லாததைத் தானும் பார்த்ததாகச் சொன்னான். இரண்டு பேர் சொன்னதையும் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். எனக்கு என்ன தண்டனை என்று கேட்டேன். "இனிமே பத்தையும் கட்டுங்க" என்றார்.

பேனாவை டிரைவரிடம் கொடுத்துவிட்டுத்தான் போனார்கள்.

பாட்டி

—

மே 22

அன்புள்ள பாட்டிக்கு,

எல்லோரும் சௌக்கியமா? என் கடிதத்தோடு இன்னொரு தாளின் நகல் வைத்திருக்கிறேன், அத்தையைப் படிக்கச் சொல்லு. 'விமானியின் கவனக்குறைவு காரணம் அல்ல.' இந்த நான்கு சொல்லை நான் கண்ணாடி ஓரத்தில் ஒட்டி வைத்திருக்கிறேன். ஜூலையில் டாக்டர் பார்த்துச் சரி என்றால் திரும்பவும் ஏறலாம். கம்பெனியில் புது பிளேன் வந்திருக்கிறது, அதுவும் மஞ்சள்தான்.

சேற்றுக்கும், டேங்க் தண்ணீருக்கும், கட்டிங் பிளேயருக்கும், ஓடிப்போய்த் திரும்பி வந்த கொக்குக்கும், பல் தடம் பட்ட ஒரு பேனாவுக்கும் நான் கடன்பட்டிருக்கிறேன். எல்லாவற்றுக்கும் மேல் உனக்கு.

ஒன்று மட்டும் புரியவில்லை. உனக்கு ஞாபகம் தப்பிவிட்டது என்று சொன்ன ஆள் யார்? சட்டையின் எந்தக் கையில் மை என்று எழுதுகிற நீ, அந்த ஆளின் பெயரை எழுதவில்லை. மாமாவிடம் போனில் கேட்டேன். போனை அத்தையிடம் கொடுத்துவிட்டார்.

உன் தும்பி

—

ஜூன் 1

என் தும்பிக்கு,

அந்தத் தாளை அத்தை மூன்று தடவை படித்துக் காட்டினாள். நான்காவது தடவை நானே எழுத்துக் கூட்டிப் படித்தேன். இங்கே எல்லோரும் சௌக்கியம். பயிர் நீ உழுத இடத்தில்தான் நன்றாக வந்திருக்கிறது, டிரைவர் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார்.

இத்தனைக்கும் பிறகு யார் மேலும் கோபத்தை வைத்துக்கொண்டு எனக்கு ஆகப்போவது ஒன்றும் இல்லை என்று உட்கார்ந்து ஒவ்வொருவராக எடுத்து விட்டேன். கொக்கை விட்டேன். பயத்தில் ஓடின கால், வெட்கத்தில் திரும்பியதே, அது போதும். போட்டோ எடுத்துக்கொண்டவளை விட்டேன். நேற்று வந்து உன்னை விசாரித்தாள், இந்தத் தடவை 'ளாமே' இல்லை. கரண்டுக்காரன் எனக்குத் தர வேண்டிய பாக்கி ஒன்றும் இல்லை, நான்தான் அவனுக்குத் தர வேண்டும். என்னையும் விட்டேன். அதுதான் நாள் பிடித்தது. நீ தூக்கம் வருகிறது என்று எழுதினாயே, அந்த வரியைப் பிடித்துக்கொண்டுதான் விட்டேன்.

நீ கேட்டதற்கு வருகிறேன். அன்றைக்கு இரவுச் சோறு போட்டுவிட்டுக் கேட்டேன்.

"ஏன்டா அப்படிச் சொன்னே?"

"உன்னப் புடிச்சு உள்ள போட்டுடுவாங்களோன்னு பயந்துட்டேம்மா."

பயந்தது சரி. பிள்ளைதானே, அம்மாவுக்காகப் பயப்படுவான். அதற்கு மேல் கேட்காமல் இருந்திருக்கலாம். கேட்டேன்.

"அப்போ அவ?"

தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "அவ சின்னப் பொண்ணு. அவளுக்கு வேற வேலை கெடைக்கும்."

எனக்குப் பைத்தியம் என்று சொன்னதைக் கூட மறந்திருப்பேன். இந்தச் சொல்லை முடியவில்லை. அவனுக்குச் சோறு போடுகிறேன். சட்டைக்குப் பொத்தான் தைத்துக் கொடுக்கிறேன். போன வாரம் காய்ச்சல் வந்தபோது நெற்றியில் ஈரத்துணி போட்டு விடியும் வரை பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். "இன்னும் கோவமாம்மா?" என்று கேட்டான். "தூங்கு" என்றேன்.

நீ அவனிடம் எப்போதும் போல இரு. ஏன் என்று கேட்காதே, அவன் உனக்கு நல்ல மாமாதான். மாத்திரையை நிறுத்தாதே. ஜூலையில் ஏறுகிற அன்றைக்கு முதல் சுற்றை இந்தப் பக்கமாக வா, பத்தும் கட்டியிருக்கும்.

எல்லோருக்கும் நன்றி சொல்லி, எல்லோரையும் மன்னித்து முடித்தாயிற்று. ஒரு ஆளைத் தவிர. உன் மாமாவை. என் வயிற்றில் முதலில் பிறந்தவனை.

பாட்டி